40 நிமிடம் 49 நாளான கதை: எம்பெடட் படிக்க வருகிறவர்களுக்கு

ஆறாம் செமஸ்டரில் எம்பெடட் சிஸ்டம்ஸ் தாளை, அதாவது ஒரு பொருளுக்குள் பதிந்து அதை இயக்கும் சிறு கணினிகள் பற்றிய பாடத்தை, நல்ல மார்க்கில் தாண்டினேன். அடுத்து வந்த கோடையில் எங்கள் தென்னந்தோப்பின் போர்வெல் மோட்டாரைக் கிட்டத்தட்ட எரித்தேன். இந்தப் பாடத்தை எடுக்கலாமா, எப்படிப் படிப்பது என்று ஊர்ப் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் மார்க்கை விட்டுவிட்டு மோட்டார் கதையைத்தான் முதலில் சொல்கிறேன்.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீடு, கடை, தோப்பு எங்கும் தமிழ். கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்கள் ஏப்ரலில் ஒருமுறை சித்தூர் தாலுகாவுக்கு வந்து பார்க்க வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் புழை என்ற எங்கள் ஆற்றுக்கு வர வேண்டும். வாய்க்கால் எட்டுகிற இடத்துக்கு அது. எட்டாத தென்னைக்குப் போர்தான் கதி. எங்கள் போர் கோடையில் 40 நிமிடம் இறைத்தால் வற்றிவிடும். இரண்டு மணி நேரம் விட்டால் மறுபடி ஊறும். இதற்காக அப்பா ராத்திரியிலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்கு நடப்பார். நான் படித்த படிப்புக்கு இதைத் தானாகச் செய்யும் ஒரு பெட்டி கூடவா செய்ய முடியாது?

வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய் ஒரு ஆர்டுயினோ ஊனோவும் (நிரல் எழுதி ஓட்டும் சிறு கணினிப் பலகை, ஆர்3 மாடல்), அது சொல்கிறபடி சுவிட்சைத் தட்டும் ரிலே போர்டும் வாங்கி வந்தேன். மேஜையில் வைத்துச் சோதிக்கும்போது 40 நிமிடம் உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லை. 10 விநாடி என்று கொடுத்து, விளக்கு அணைகிறதா என்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக அணைந்தது. தோப்பில் மாட்டும் முன் அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றினேன்: 40 பெருக்கல் 60 பெருக்கல் 1000, மில்லிவிநாடிக் கணக்கில்.

ஒரு மணி நேரம் கழித்து அப்பா வாசலில் வந்து நின்றார். "கண்ணு, மோட்டார் சத்தமே மாறிப்போச்சு. உன்ற பெட்டி அணைக்கவே இல்ல. நானே போய் அணைச்சிட்டு வரேன்."

ஊனோவில் ஒரு சாதாரண முழு எண் 16 பிட். அதில் 32,767-க்கு மேல் கொள்ளாது. 10 விநாடி என்பது 10,000, கொள்ளும். 40 நிமிடம் என்பது 24,00,000. அது வழிந்து, சுற்றி வந்து, மைனஸ் 24,832 ஆகிவிட்டது. அந்த மைனஸ் எண்ணை, குறியில்லாத, அதாவது மைனஸே தெரியாத, 32 பிட் கடிகாரத்தோடு ஒப்பிடும்போது 429 கோடிக்கு மேற்பட்ட மில்லிவிநாடியாக எடுத்துக்கொண்டது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 49.7 நாள். ஆக மோட்டாரை அணைக்க என் பெட்டி 49 நாள் காத்திருக்கத் தயாராக இருந்தது. போருக்குள் இறக்கிய மோட்டாரைக் குளிர்விப்பதே அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். அப்பாவின் காது மட்டும் இல்லையென்றால் ரீவைண்டிங் செலவு என் தலையில்.

திருத்தம் இரண்டே எழுத்து. 40-க்குப் பின்னால் 'யூஎல்' (UL, குறியில்லாத நீள எண்) என்று சேர்த்தால் போதும். கணக்கு 32 பிட்டில் நடக்கும். ஆர்டுயினோ மென்பொருளின் அமைப்புகளில், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரின் எச்சரிக்கைகளை முழுதாகத் திறந்து வைத்திருந்தால் அதுவே சொல்லியிருக்கும். நான் திறக்கவில்லை. நீங்கள் இன்றைக்கே திறந்துவிடுங்கள்.

பிறகுதான் ஏரியான் 5 ராக்கெட்டைப் பற்றி வகுப்பில் கேட்டது உறைத்தது. 1996 ஜூன் 4 அன்று, முதல் பயணத்திலேயே, கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் வெடித்துச் சிதறியது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணில் அடைக்கப் பார்த்ததுதான் தொடக்கம். ஏரியான் 4-க்கு எழுதிய நிரல் அது. பழைய ராக்கெட்டின் வேகத்துக்கு அந்த எண் எப்போதும் கொள்ளளவுக்குள் இருந்தது. புதிய ராக்கெட் அதைவிட வேகமாகப் பாய்ந்தது. மேஜையில் 10 விநாடி, தோப்பில் 40 நிமிடம். அதே பிழைதான். தேர்வில் இந்த உதாரணத்தை எழுதி மார்க் வாங்கியவள் நான் என்பது வேறு விஷயம்.

சரி, எம்பெடட் என்றதும் இப்போது கூடவே அடிபடும் சைபர் ஃபிசிக்கல் என்று புதிதாக ஒரு பெயர் எதற்கு, எம்பெடட் போதாதா? எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. 2006 வாக்கில் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையில் இருந்த ஹெலன் கில் வைத்த பெயர் அது. சைபர் என்றதும் இணையம், ஹேக்கிங் என்று மனம் ஓடும். அந்தச் சொல்லின் வேர், சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நார்பர்ட் வீனர் 1948-ல் சைபர்னெடிக்ஸ் என்ற துறைப்பெயரை அதிலிருந்துதான் எடுத்தார். படகு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் திருப்புகிறவன். என் முதல் பெட்டி சுக்கானைக் கட்டிவைத்துவிட்டுக் கடிகாரத்தை மட்டும் பார்த்த படகோட்டி. போரில் தண்ணீர் இருக்கிறதா என்று அது ஒருதரம் கூடக் கேட்கவில்லை. பெட்டிக்குள் இருக்கும் சில்லும் நிரலும் எம்பெடட். அதோடு மோட்டார், தண்ணீர், திடீரென்று போய்த் திடீரென்று வரும் கரண்ட், அப்பாவின் கை எல்லாம் சேர்ந்த முழுமையை ஒன்றாக வைத்துக் கணக்குப் போடுவது சைபர் ஃபிசிக்கல். நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

தண்ணீரைக் கேட்பது எப்படி என்று சொல்லித்தந்தது பாடப்புத்தகம் இல்லை, எங்கள் ஊர் வயர்மேன் மாமா. பேனலில் இருந்த ஆம்பியர் மீட்டரைக் காட்டினார். தண்ணீர் ஏறும்போது முள் ஓரிடத்தில் நிற்கிறது. வற்றியதும் சட்டென்று இறங்குகிறது. "அவ்ளோதான் பாப்பா. முள்ளு இறங்கினா நான் அணைச்சிடுவேன்." போருக்குள் எதையும் இறக்க வேண்டியதில்லை. ஒரு ஃபேஸ் வயரைச் சுற்றி கரண்டை அளக்கும் வளையமான ஒரு கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டினால் போதும். அதனால் புராஜெக்ட் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது: போர்டு வாங்கும் முன் அந்தப் பொருளோடு வருஷக்கணக்காகப் புழங்கும் ஒருவரிடம் போய் அரை நாள் உட்காருங்கள். எதை அளப்பது என்று அவருக்குத் தெரியும். எத்தனை தடவை அளப்பது என்பதுதான் உங்கள் வேலை.

அந்த எத்தனை தடவையிலும் நான் சறுக்கினேன். விநாடிக்கு ஒருமுறை அளந்தேன். எண்கள் பேய் பிடித்த மாதிரி ஏறி இறங்கின. சென்சார் கோளாறு என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 20 மில்லிவிநாடிக்குள் ஒரு முழு அலை. விநாடிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் அலையின் ஏதோ ஓர் இடம் கண்ணில் படும், அவ்வளவுதான். ஊனோவில் ஒரு அனலாக் அளவுக்கு ஏறக்குறைய 110 மைக்ரோவிநாடி ஆகும். எனவே ஒரு அலைக்குள் நூறுக்கு மேல் அளந்து, அவற்றின் வர்க்கங்களைச் சராசரியாக்கி, அதன் வர்க்கமூலம் எடுக்கலாம். அலையின் அதிர்வெண்ணுக்கு இரு மடங்குக்கு மேல் அளக்கச் சொல்லும் நைக்விஸ்ட் விதியை மூன்றாம் செமஸ்டரிலிருந்து ஒப்பித்து வந்தவளுக்கு, அது என்ன சொல்கிறது என்று அந்த வாரம்தான் தெரிந்தது.

இன்னொரு கூத்து. மோட்டார் அணையும்போது, அதன் பெரிய சுவிட்சான கன்டாக்டரின் காயிலில் எழும் மின் அதிர்வில் ஊனோ ரீசெட் ஆனது. ரீசெட் ஆனதும் ரிலே ஒருதரம் 'டக்' என்று ஒட்டியது, மோட்டார் கிளம்பியது, உடனே அணைந்தது, மறுபடி ரீசெட். நிரலில் தேடித் தேடி இரண்டு நாள் போயிற்று. மலிவான ரிலே போர்டுகள் பலவும் தலைகீழ்: பின்னில், அதாவது போர்டின் இணைப்புக் காலில், லோ (0 வோல்ட்) கொடுத்தால்தான் ஒட்டும். ஊனோவில் ஒரு பின்னை அவுட்புட் என்று அறிவித்த அந்த நொடியில் அது லோவில்தான் இருக்கும். அதனால் முதலில் ஹை எழுதிவிட்டு, பிறகு அவுட்புட் என்று அறிவிக்க வேண்டும். இரண்டு வரிகளை இடம் மாற்றினேன், கன்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே மாமா அந்த அதிர்வை உறிஞ்சும் ஒரு ஸ்னப்பர் போட்டார், தீர்ந்தது. அதற்குப் பிறகு எந்த டிசைனைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, கரண்ட் போய் வந்தால் இது எந்த நிலையில் விழிக்கும் என்பது. வைவாவிலும் இந்தக் கேள்வி வரும், நம்புங்கள்.

ஒரு எச்சரிக்கை, சுருக்கமாக: மூன்று ஃபேஸ் பக்கம் 415 வோல்ட். உங்கள் வேலை ரிலே வரைக்கும்தான். அதற்கு அப்பால் வயர்மேன் கை.

இனி தேர்வு. நான் எழுதியது அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2019 ஸ்கீம்: இன்டர்னல் 50, எழுத்துத் தேர்வு 100. முதல் பகுதியில் மும்மூன்று மார்க்கில் 10 கேள்வி. அடுத்ததில் ஐந்து மாட்யூலுக்கும் தலா ஒன்று, 14 மார்க். 2024 ஸ்கீமில் சேர்ந்தவர்களுக்கு இது மாறிவிட்டது, உங்கள் சிலபஸைப் பாருங்கள். எதுவானாலும் மார்க் கொட்டிக் கிடப்பது, எந்த வேலையை எப்போது ஓட்டுவது என்ற ஷெட்யூலிங் கணக்கில்தான். மற்றவை வாசித்தால் வந்துவிடும்.

அதில் பாதிப் பேர் விழும் குழி ஒன்று உண்டு. அடிக்கடி வரும் வேலைக்கே முன்னுரிமை தரும் ரேட் மோனோடோனிக் முறையில், பயன்பாடு (பிராசஸர் வேலையில் இருக்கும் நேரத்தின் பங்கு) ஒரு வரம்புக்குள் இருந்தால் எல்லா டாஸ்கும், அதாவது வேலையும், கெடுவுக்குள் முடியும் என்று 1973-ல் லியூ, லேலண்ட் நிறுவினார்கள். இரண்டு டாஸ்க் என்றால் 82.8 சதவீதம், எண்ணிக்கை கூடக் கூட 69.3-ஐ நோக்கி இறங்கும். வரம்பைத் தாண்டியதும் "முடியாது" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார்கள். தப்பு. தாண்டினால் இந்தச் சோதனைக்குப் பதில் தெரியாது என்றுதான் பொருள். 4 விநாடிக்கு ஒருமுறை 2 விநாடி ஓடும் டாஸ்க், 8 விநாடிக்கு ஒருமுறை 4 விநாடி ஓடும் டாஸ்க், இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பயன்பாடு முழு 100 சதவீதம். கோடு போட்டுப் பாருங்கள்: முதலாவது, இரண்டாவது, முதலாவது, இரண்டாவது என்று இரண்டிரண்டு விநாடியாக 8-ல் கச்சிதமாக முடிகிறது. வரம்பைத் தாண்டினாலும் 100-க்குள் இருந்தால் படம் வரைந்து பார்த்து முடிவு சொல்லுங்கள்.

முன்னுரிமை கூடிய வேலை, குறைந்த வேலைக்காகக் காத்து நிற்கும் பிரயாரிட்டி இன்வெர்ஷனுக்கு எல்லோரும் 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தைத்தான் எழுதுவார்கள். எழுதுங்கள், நல்ல உதாரணம்தான். ஆனால் புரிந்துகொள்ள எங்கள் தோப்பு போதும். வேலைக்கு வந்த பையன் மோட்டார் ரூம் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறான். அப்பாவுக்கு அவசரமாகச் சாவி வேண்டும். இதற்கிடையில் தேங்காய் வியாபாரி அந்தப் பையனை மடக்கிக் காய் எண்ண வைத்துவிடுகிறார். வியாபாரியை விட அப்பா பெரியவர், இருந்தும் வியாபாரியின் வேலை முடியும்வரை அப்பா நிற்க வேண்டியிருக்கிறது. சாவி கையில் இருக்கும்வரை பையனுக்கும் அப்பாவின் அவசரத்தையே கொடுத்துவிட்டால் வியாபாரி அவனை மடக்க முடியாது. இதுதான் பிரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ். பாத்ஃபைண்டருக்குப் பூமியிலிருந்து அனுப்பிய திருத்தமும் அந்த வசதியை இயக்கி வைத்ததுதான்.

நம்மைப் போன்ற எல்லைப் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. பாடம் பாதி மலையாளத்தில் நடக்கும், தேர்வு ஆங்கிலத்தில், யோசனை மட்டும் தமிழில். நான் கண்டுபிடித்த வழி படம். டைமிங் டயக்ரமுக்கு மொழி கிடையாது. எந்தக் கேள்வியானாலும் முதலில் நேரக்கோட்டைப் போட்டு, பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். இலக்கணம் தடுமாறினாலும் விடை தெளிவாக நிற்கும்.

கையில் காசு இல்லாதவர்கள் வோக்வி என்ற இணைய சிமுலேட்டரில் தொடங்கலாம். உலாவியிலேயே ஊனோவும் இஎஸ்பி32 என்ற இன்னொரு போர்டும் ஓடும். ஆனால் அங்கே கன்டாக்டர் அதிராது, ரிலே ஒட்டிக்கொள்ளாது. ஒரு செமஸ்டருக்குள் நிஜப் போர்டுக்கு வந்துவிடுங்கள். வாங்கும்போது இரண்டாவது சென்சாருக்குப் பதில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். நான் செய்த வீண் செலவு மிச்சமாகும்.

இப்போது பெட்டி மோட்டார் ரூமில் சுவரில் தொங்குகிறது. மாமா பிடிவாதமாக ஒரு மேனுவல், ஆட்டோ சுவிட்ச் வைத்தார். அப்பா ராத்திரிக்கு மட்டும் ஆட்டோவில் போடுகிறார். பகலில் மேனுவலில் வைத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.