பெரியப்பாவின் அம்பாசடர் எஞ்சின்: அடையாளமும் விலையும்

கன்னியாகுமரி மாவட்டம் அருமனையில் பெரியப்பா வீட்டு ரப்பர் ஷீட் கொட்டகையின் மூலையில், தார்ப்பாய் மூடிய எஞ்சின் ஒன்று வெகுகாலமாகக் கிடந்தது. கொட்டகையை இடிப்பது என்று முடிவானதும் அதை விற்றுக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பழைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு, பிழைப்பு இல்லை. "அது லண்டன் எஞ்சினாக்கும் மக்களே, லட்சத்துக்குக் குறைத்துக் கொடுத்துவிடாதே" என்றார் பெரியம்மா. மார்த்தாண்டத்தில் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்காரரோ, பொருளைப் பார்க்காமலேயே தொலைபேசியில் கிலோ 32 ரூபாய் என்று சொல்லிவிட்டார். இருவர் சொன்னதும் விலைதான். ஆனால் இருவருமே அந்தத் தார்ப்பாயை விலக்கிப் பார்க்கவில்லை.

பெரியப்பா டாக்சி ஓட்டியவர். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாமல் ஒரு கட்டத்தில் டீசல் எஞ்சினுக்கு மாறிவிட்டார். அந்தக் காலத்து டாக்சி அம்பாசடர்கள் பலவற்றின் கதை இதுதான். கழற்றிய பெட்ரோல் எஞ்சின் கொட்டகைக்குப் போயிற்று. லண்டன் என்று பெரியம்மா சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. 1955இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1489தான். ஆனால் வடிவமைப்பு இங்கிலாந்து என்பதற்காக, உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பிறந்த எஞ்சினுக்கு லண்டன் விலை கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

எனக்கிருந்த நப்பாசை வேறு. அம்பாசடர் வந்த புதிதில் அதில் இருந்தது 1476 சிசி சைடு வால்வ் எஞ்சின். அது அகப்பட்டால் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு. இதைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்பானர்கூடத் தேவையில்லை. சைடு வால்வில் வால்வுகள் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் மேலே மூடியான ஹெட் தட்டையான பலகைபோலத் தெரியும். தார்ப்பாயை விலக்கியதும் கண்ணில் பட்டது, ஹெட்டின் மேல் வால்வுகளை இயக்கும் நெம்புகோல்களை மூடும் நீளமான ராக்கர் கவர். ஆசை அந்த நிமிடமே முடிந்தது.

பி-சீரீஸ்தானா என்று உறுதி செய்ய, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கார்புரேட்டரும், எரிகலவையையும் புகையையும் கொண்டுபோகும் மேனிபோல்டுக் குழாய்களும் ஒன்றாக இருக்கும். வலப்பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஸ்பார்க் பிளக்குகள். மேனிபோல்டைக் கழற்றினால் ஹெட்டில் தெரிவது எட்டு வாசல்கள் அல்ல, ஐந்துதான். உள்ளிழுக்க இரண்டு, புகைக்கு மூன்று. நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களும் ஒரே புகைவாசலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இவை எல்லாம் பொருந்தின.

எஞ்சின் எண் பிளாக்கின் வலப்பக்கம் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். அதன்மேல் கிரீஸும் ரப்பர் புகையும் சேர்ந்து தார்போல் இறுகியிருந்தது. கம்பி பிரஷ் போடவே கூடாது, எழுத்து போய்விடும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஒரு இரவு ஒட்டி வைத்துவிட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். பிளாக்கிலேயே புடைப்பாக வார்த்திருக்கும் எண்களைப் பார்த்து இதுதான் எஞ்சின் எண் என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. அது வார்ப்பு அச்சின் எண், ஒரே அச்சில் எத்தனையோ பிளாக்குகள் வந்திருக்கும். தகட்டு எண்ணுக்கே மதிப்பு.

பெரியப்பாவின் இரும்புப் பெட்டியிலிருந்து வண்டியின் பதிவுப் புத்தகமான ஆர்.சி.யை அண்ணன் தேடி எடுத்துவந்தார். 1976 மாடல், அதாவது மார்க் 3. எஞ்சின் எண் இருக்குமிடத்தில் பழைய எண்ணை அடித்து, டீசல் எஞ்சினின் எண்ணை எழுதி, வட்டாரப் போக்குவரத்து அலுவலக முத்திரையும் இட்டிருந்தார்கள். அடித்த எண்ணும் தகட்டு எண்ணும் ஒன்றே. என்னைக் கேட்டால், விலையில் பாதியை அந்த ஒரு பக்கம்தான் வாங்கித் தந்தது. வாங்குகிறவர் தன் வண்டியில் இதைப் பூட்டினால் அவரும் ஆர்.சி.யில் எண்ணை மாற்றியாக வேண்டும். எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத எஞ்சினை விவரம் தெரிந்தவர் தொடமாட்டார்.

அடுத்த கேள்வி, சுற்றுமா? பிளக்குகளைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து நான்கு துளைகளிலும் ஊற்றி ஊறவிட்டேன். வண்டியின் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலும் அதே மூலையில் கிடந்தது பெரிய உதவி. முதலில் அசையவில்லை. முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டியதில் ஒரு நாள் மாலை இளகிக்கொடுத்து, பிறகு முழுச் சுற்றும் வந்தது. வேகமாக மிதித்துச் சுற்றியிருந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள துருப்பிடித்த ரிங் உடைந்து சிலிண்டரைக் கீறியிருக்கும். பொறுமை காசு மிச்சம் செய்கிற இடம் இது.

இனி அளவு. வழக்கமாக நான் பிளக் துளை வழியே ஒரு ஈர்க்கிலை விட்டு, பிஸ்டன் மேலே வரும்போதும் கீழே போகும்போதும் குறித்துக்கொண்டு, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக்கை அளப்பேன். இந்த எஞ்சினில் பிளக் பக்கவாட்டில் சாய்ந்து நுழைவதால் அது உதவாது. ஹெட்டைத் திறந்தேன். நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் ஹெட் வளைந்துபோகும். வெர்னியரில் ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர், புத்தகத்தில் உள்ளபடியே. சிலிண்டர் விட்டம் மட்டும் இடித்தது. இருக்க வேண்டியது 73 மில்லிமீட்டரை ஒட்டி, வெர்னியர் காட்டியதோ 74. கணக்குப் போட்டால் 1530 சிசிக்குப் பக்கத்தில் வருகிறது. அப்படி ஓர் அம்பாசடர் எஞ்சினே கிடையாது.

பிஸ்டன் தலையில் இருந்த கரியைச் சுரண்டியதும் விடை கிடைத்தது. 040 என்று பொறித்திருந்தது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். மில்லிமீட்டரில் அது ஒன்றுக்குச் சற்றே மேல். 73உடன் அந்த ஒன்றைச் சேர்த்தால் என் அளவு சரி. பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று பிஸ்டன் அளவுகள் ஏறும், நாற்பதோடு வழக்கமான அளவுகள் முடிந்தன. இனி தேய்ந்தால் சிலிண்டருக்குள் புது உறையாக லைனர் அடிப்பது ஒன்றே வழி, அது லேத் பட்டறைச் செலவு. டாக்சியாக எத்தனை ஓடியிருக்கிறது என்பதற்கு மீட்டரைவிட நல்ல சாட்சி அந்த மூன்று இலக்கங்கள்.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பைக் கழற்றி, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ஒரு கனெக்டிங் ராடின் மூடியைத் திறந்து பேரிங்கின் முதுகைப் பார்த்தேன், 010. ஒரே ஒரு முறைதான் கிராங்கைக் கிரைண்டிங் செய்திருக்கிறார்கள், இன்னும் மூன்று அளவு மிச்சம். ஹெட்டைத் தலைகீழாக வைத்து அறைகளில் பெட்ரோல் நிரப்பிப் பார்த்ததில் மூன்று அறைகள் தாங்கின, ஒன்றில் புகை வால்வு ஒழுகியது. வெளிநாட்டுக் கையேடுகள் பழைய பிளாக்கை வாங்கும்போது உறைபனி வெடிப்பைத் தேடச் சொல்கின்றன. நம் மாவட்டத்தில் அதற்கு வழியில்லை. இங்கே எமன் வேறு. இரண்டு பருவமழையும் கொட்டும் ஊர், போதாததற்கு ரேடியேட்டரில் வெறும் கிணற்று நீர். பிளாக்கின் பக்கவாட்டில் நீர்வழித் துளைகளை அடைக்கும் கோர் பிளக்குகளில் இரண்டு விரலால் அழுத்தியதுமே ஓட்டையாகிவிட்டன. மலிவான தகடு, மாற்றிவிடலாம். கடலோரத்தில், குளச்சல் பக்கம் கிடந்திருந்தால் பிளாக்கே பொரிந்திருக்கும்.

விலைக்கு வருகிறேன். கியர் பாக்ஸ் இல்லாமல் எடை 150 கிலோவை ஒட்டி வந்தது. ஆக்கர் விலை 4,800 ரூபாய், இதற்குக் கீழே போகாது. நாகர்கோவிலில் பழைய உதிரிபாகம் விற்கும் ஒருவரிடம் ஹெட், கிராங்க், ஃபிளைவீல், ஸ்டார்ட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர் என்று தனித்தனியே கேட்டுக் கூட்டினால் 16,000 வரை போனது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் வர வேண்டும், பிளாக் கடைசியில் எனக்கே மிஞ்சும். ஓடுகிற நிலையில் இருந்தால் 40,000 கேட்கலாம் என்றார் தக்கலை மெக்கானிக் அண்ணாச்சி. அந்த நிலைக்குக் கொண்டுவர லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு வேலை என்று 25,000 ஆகும் என்றும் அவரே சொன்னார். இணைய விளம்பரங்களில் 60,000, 70,000 என்று பார்த்து அண்ணன் மயங்கினார். அவை கேட்கும் விலைகள், கொடுத்த விலைகள் அல்ல. அதே படம் மாதக்கணக்கில் கிடப்பதே அதற்குச் சான்று.

18,000 என்று விளம்பரம் வைத்தேன். 040, ஒழுகும் வால்வு, ஓட்டையான கோர் பிளக் எல்லாவற்றையும் படத்தோடு சேர்த்தே எழுதினேன். பிஸ்டன் தலையின் படத்தைப் பார்த்துத்தான் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒருவர் அழைத்தார். எப்போதோ டீசலாக மாற்றிய தன் அம்பாசடரை மறுபடி பெட்ரோலுக்குக் கொண்டுவருகிறாராம். அவரிடம் நல்ல பிளாக் இருக்கிறது, ஹெட்டும் கிராங்கும்தான் வேண்டும். ஆகவே நான் பயந்த 040 அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பேரம் 15,500இல் முடிந்தது, ஹேண்டிலையும் சேர்த்து. விற்பனைக் கடிதத்தில் எஞ்சின் எண்ணையும் தேதியையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம், ஆர்.சி.யின் அந்தப் பக்கத்துக்கு நகல் எடுத்துக் கொடுத்தேன். பலாமரக் கிளையில் கனம் தூக்கும் சங்கிலிக் கப்பி கட்டி அவருடைய பிக்கப்பில் இறக்கினோம்.

பெரியம்மா பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். லண்டன் விலை வரவில்லை என்ற குறை அவருக்கு இன்னும் இருக்கிறது. கியர் பாக்ஸ் மட்டும் பாக்கி. அதில் ஒரு பக்கத்து மூடி திறந்தே கிடந்திருக்கிறது, உள்ளே பல்சக்கரங்களின் நிலை பார்த்த பிறகே விலை சொல்ல முடியும்.