சத்தம் போடாத டேப்பட்

2001 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். இதுவரை ஓடியது 1,94,000 கி.மீ. மூன்று வாரமாக ஐடிலில் குளிர்காய்ச்சல் வந்தது போல நடுங்குகிறது, கிளம்பும்போது இழுவையும் இல்லை. கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் பானெட்டைத் திறந்து, காதை மட்டும் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ரிங்கு போச்சுங்க தம்பி, இன்ஜினை இறக்கிடலாம்" என்றார்கள். பிஸ்டனைச் சுற்றி நின்று காற்றை அடைத்து வைக்கும் வளையம்தான் ரிங். செலவு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். வண்டியை அப்படியே எடுத்துக்கொள்ள ஒருவர் தொண்ணூறாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

"தொண்ணூறாயிரம் ரூபா வண்டிக்கு லட்ச ரூபாய்க்கு வைத்தியமா?" என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை. 1,500 சிசியில் 106 குதிரைத்திறன். 2003-இல் அடுத்த சிட்டி வந்தபோது அதே சிசிக்கு 77தான் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் சமையலறையில் நின்று சொன்னால் எடுபடாது.

சரி, முடிவெடுப்பதற்கு முன் அளந்தாவது பார்ப்போம் என்று நண்பரிடம், சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று காட்டும் கம்ப்ரெஷன் கேஜ் வாங்கி வந்தேன். நான்கு பிளக்கையும் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டர், இன்ஜெக்டர் கனெக்டர்களைப் பிடுங்கிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். 178, 175, 180 பிஎஸ்ஐ. நான்காவது சிலிண்டர் 115. அதில் மட்டும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி சுற்றினேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்துக்கொள்ளும், முள் ஏறியிருக்கும். 118-இல் நின்றுவிட்டது. அப்படியானால் காற்று கசிவது மேலே, வால்வு பக்கம்.

மறுநாள் காலை, இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே டேப்பட் கவரைத் திறந்தேன். இந்த இன்ஜின் இடஞ்சுழியாகச் சுற்றும். ஸ்பேனரை மாற்றித் திருகிவிடக் கூடாது. நான்காவது பிஸ்டனை டாப்பில், அதாவது உச்சியில் நிறுத்தி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டேன். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதை அமுக்கும் டேப்பட்டுக்கும் நடுவே 0.23 மி.மீ. தகடு தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லை. 0.10-உம் நுழையவில்லை. வால்வு தன் இருக்கையில் அமுங்கி அமுங்கி இடைவெளியைத் தின்றுவிட்டது, அதனால் முழுசாக மூடவே இல்லை. இடைவெளி கூடி டேப்பட் கடகடவென்று அடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். டைட்டானால் சத்தமே வராது. "என் வண்டி சத்தமில்லாமல் ஓடுது" என்று இத்தனை நாள் பெருமை வேறு.

10 நம்பர் ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூட்ரைவர். பதினாறு வால்வையும் சரிசெய்ய மூன்று மணி நேரம் ஆனது. நான்காவது இப்போது 165. நடுக்கம் நின்றுவிட்டது. மொத்தச் செலவு கவர் கேஸ்கெட்டும் டீயும்.

இங்கேயே எழுதி முடித்திருக்கலாம். ஆனால் வண்டியைத் தூக்க ஜாக்கி வைத்தபோது பின்பக்கம் 'கறுக்' என்றது. ஸ்க்ரூட்ரைவரால் குத்தினேன், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டுக்குள் கைப்பிடி வரை இறங்கிவிட்டது. கோயம்புத்தூருக்கு வருவதற்கு முன் எட்டு வருடம் திருவான்மியூரில், கடற்காற்றில் வெளியே நின்ற வண்டி. இன்ஜின் போனால் வேறு இன்ஜின் தேடலாம். பாடி போனால் எதைக் காப்பாற்றுவது?

இந்த இடத்தில்தான் விற்கும் எண்ணம் நிஜமாகவே வந்தது. 120 குதிரைத்திறன் டர்போ ஹேட்ச்பேக் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். என் வண்டியைவிட வேகம், பிரேக்கும் மேல், ஏர்பேக் வேறு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டும்போது, வால்வை அதிகமாகத் திறக்கும் விடெக் விழித்துக்கொண்டு என் வண்டி குரல் மாற்றுமே, அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை.

டிங்கரிங் செய்பவர் இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தார். பில்லர், சஸ்பென்ஷன் மவுன்ட் எல்லாம் கெட்டி. துரு ரன்னிங் போர்டோடு நிற்கிறது. பட்டி போட்டு மூடாமல், வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்ட் செய்ய 28,000 கேட்டார். ஆகஸ்டில் ஆர்சி முடிகிறது. இருபது வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணமே 10,000 ஆகிவிட்டது. ஆக 38,000. மனைவியிடம் சொன்னேன். "அந்த ஏர்பேக்?" என்றாள். நெடுஞ்சாலைப் பயணத்துக்கு அவளுடைய காரைத்தான் எடுப்பது என்று ஒப்புக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை தகடு வெட்டுகிறார்கள். நான்காவது சிலிண்டரின் வால்வை 2,000 கி.மீ. கழித்து மறுபடி அளக்க வேண்டும். இடைவெளி திரும்பக் குறைந்திருந்தால் வால்வுகள் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.