மூன்றாவது இலக்கம்

“அந்த நம்பர் எங்ககிட்ட இல்லைங்க.” நீச்சல் போட்டியில் நேரம் எடுக்கும் மேஜையிலிருந்து பயிற்சியாளரிடம் நான் சொன்ன பதில் இவ்வளவுதான். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு உண்மை இல்லை என்று இன்னும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல். இரண்டு அரையிறுதிகளையும் சேர்த்து முதல் எட்டுப் பேர் இறுதிக்குப் போவார்கள். எட்டாவது இடத்தில் இரண்டு பேர் நின்றார்கள். நூறில் ஒரு பங்கு வினாடி வரை ஒரே நேரம். இறுதிப் போட்டியாக இருந்தால் இடத்தைப் பகிர்ந்துகொடுத்துவிடலாம். இங்கே எட்டு லேனுக்கு ஒன்பது பேரை அனுப்ப முடியாது. விதி சொல்வது ஸ்விம்-ஆஃப்: அந்த இருவர் மட்டும் மறுபடி நீந்த வேண்டும். பயிற்சியாளர் கேட்டது இதைத்தான்: “மேடம், மெஷின்ல புள்ளிக்கு அப்புறம் மூணாவது இலக்கம் இருக்குமே. அதைப் பார்த்துச் சொல்லிட்டா பொண்ணுங்க ரெண்டு பேரும் இன்னொரு தடவை நீந்த வேண்டாமே?”

மெஷினில் இருக்கும். ஒலிம்பிக்கில் 2012 முதல் ஒமேகா பயன்படுத்தும் குவாண்டம் டைமர் வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்துப் பார்க்கக்கூடியது. ஆயிரத்தில் ஒரு பங்கு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நீச்சல் விதி அந்த மூன்றாவது இலக்கத்தைப் பதிவு செய்யவும் கூடாது, இடத்தைத் தீர்மானிக்கப் பயன்படுத்தவும் கூடாது என்கிறது. எனவே பலகையில் இல்லை, தாளில் இல்லை, என் திரையிலும் இல்லை. “இல்லை” என்று நான் சொன்னது அந்த அர்த்தத்தில் சரி. “எடுப்பதில்லை” என்று சொல்லியிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

அவர் நகரவில்லை. காரணம் கேட்டார். காரணத்தைச் சொன்னேன், எங்கள் வேலையில் இருக்கும் எல்லோரும் சொல்லும் காரணம்.

1972 மியூனிக். ஆண்கள் 400 மீட்டர் தனிநபர் மெட்லி. குன்னார் லார்சன் 4:31.981, டிம் மெக்கீ 4:31.983. ஆயிரத்தில் இரண்டு பங்கு வினாடியில் தங்கம் முடிவானது. அந்த வேகத்தில் அது 3 மில்லிமீட்டர். குளத்தின் சுவரை அந்த நுணுக்கத்தில் யாரும் கட்டுவதில்லை. டைல்ஸ், பூச்சு, கை அழுத்தினால் கடிகாரத்தை நிறுத்தும்படி சுவரில் தொங்கும் டச் பேட் எல்லாம் சேர்ந்து ஒரு லேன் இன்னொன்றைவிட அதற்கும் அதிகமாக நீண்டிருக்கலாம். அதன் பிறகுதான் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸில் பெண்கள் 100 ஃப்ரீஸ்டைலில் நான்சி ஹாக்ஸ்ஹெட்டும் கேரி ஸ்டைன்சைஃபரும் 55.92இல் தங்கத்தைப் பகிர்ந்தது அந்த முடிவால்தான். 2016 ரியோவில் அதே போட்டியில் சிமோன் மேனுவலும் பென்னி ஒலெக்ஸியாக்கும் 52.70. இருவருக்கும் தங்கம், வெள்ளி யாருக்கும் இல்லை, 52.99 நீந்திய சாரா ஷோஸ்ட்ரோமுக்கு வெண்கலம். ஒலெக்ஸியாக் 50 மீட்டர் சுவரில் ஏழாவதாகத் திரும்பியவர். அந்த இரவு யாரும் மூன்றாவது இலக்கத்தைக் கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

பயிற்சியாளர் தலையாட்டினார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியாததற்குக் காரணம், நான் சொன்ன கணக்கை நானே மறுபடி போட்டுப் பார்த்ததுதான். 50 மீட்டரை 24 வினாடியில் முடிப்பவரின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 2 மில்லிமீட்டர். நூறில் ஒரு பங்கு என்றால் 2 சென்டிமீட்டர். ஆனால் 50 மீட்டர் குளம் ஒவ்வொரு லேனிலும் 3 சென்டிமீட்டர் வரை நீளமாக இருக்கலாம் என்றுதான் விதிகள் நீண்டகாலம் அனுமதித்தன, குறையத்தான் கூடாது. 3 சென்டிமீட்டர் என்பது நூறில் ஒன்றரைப் பங்கு. அப்படியானால் சந்தேகம் மூன்றாவது இலக்கத்தோடு நிற்கவில்லை, இரண்டாவது இலக்கத்துக்கும் வந்துவிடுகிறது. ரியோ 50 மீட்டர் இறுதியில் பெர்னில் பிளூமே 24.07, மேனுவல் 24.09, அலியக்சாண்ட்ரா ஹெராசிமேனியா 24.11. பதக்கத்துக்கும் பதக்கத்துக்கும் இடையில் 4 சென்டிமீட்டர். அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். பெரிய போட்டிகளில் லேன் லேனாக அளந்து சான்று வாங்குகிறார்கள், நடைமுறையில் வித்தியாசம் அனுமதித்ததைவிட மிகக் குறைவு என்பதும் உண்மை. அப்படி அவ்வளவு துல்லியமாகக் கட்டுகிறார்கள் என்றால், மூன்றாவது இலக்கத்தைத் தள்ளுவதற்கு நான் சொன்ன காரணம் பலவீனமாகிறது. இரண்டில் எதைப் பிடித்தாலும் மற்றது கையை விட்டுப் போகிறது.

நேரம் எடுக்கும் வேலை தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பந்தயத்தின் இரண்டு முனையிலும் எத்தனை இடத்தில் நூறில் ஒரு பங்கு கசியும் என்று தெரிந்துதான் ஒவ்வொன்றாக அடைத்துவைத்திருக்கிறோம். எட்டு லேன், ஒவ்வொன்றும் 2.5 மீட்டர், மொத்தம் 20 மீட்டர் அகலம். ஸ்டார்ட்டர் பக்கத்தில் மட்டும் ஒலித்தால் கடைசி லேனுக்குச் சத்தம் போய்ச்சேர நூறில் ஆறு பங்கு வினாடி ஆகும். அதனால் ஒவ்வொரு தொடக்க மேடையிலும் தனி ஸ்பீக்கர். முடிவில் டச் பேட்: 2.4 மீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் உயரம், தண்ணீருக்கு மேல் 30, கீழே 60, தடிமன் ஒரு சென்டிமீட்டர். அலை மோதினால் அசையாது, கை அழுத்தினால்தான் கடிகாரம் நிற்கும். ஒவ்வொரு அமர்வுக்கும் முன்னால் எட்டையும் கையால் அழுத்திச் சோதிக்கிறோம். அதற்கு மேல் லேனுக்கு லேன் பொத்தான் அழுத்தும் ஆட்கள், மேலே கேமரா.

இதில் எதுவும் அடைக்க முடியாத இடம் நீந்துபவரின் கை. 50 மீட்டரில் கடைசி 5 மீட்டரில் மூச்சுக்குத் தலையைத் திருப்புபவர் அந்த நொடியே தோளை இழக்கிறார். ஸ்ட்ரோக், அதாவது கைவீச்சு, சுவரோடு பொருந்தி முடிய வேண்டும். அரை ஸ்ட்ரோக் மிச்சம் இருந்தால் இரண்டே வழி: கையை நீட்டியபடி வழுக்கிப் போவது, அல்லது இன்னொரு குட்டை ஸ்ட்ரோக் போடுவது. வழுக்கும்போது வேகம் குறைந்துகொண்டே வரும். விரல் நுனி பேடை முதலில் தொட்டாலும் அழுத்தம் தாமதமாக விழும். 2008 பெய்ஜிங்கில் ஆண்கள் 100 பட்டர்ஃபிளையில் மிலோராட் சாவிச் அப்படித்தான் வழுக்கி வந்தார். கடைசியில் ஒரு ஸ்ட்ரோக் கூட்டி அடித்து வந்த ஃபெல்ப்ஸ் 50.58, அவர் 50.59. பேட் அளப்பது யார் முதலில் வந்தார் என்பதை அல்ல, யார் முதலில் அழுத்தினார் என்பதை. பேடின் நடுவில் விழும் அழுத்தமும் ஓரத்தில் விழும் அழுத்தமும் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை ஒன்றுபோலவே பதிவாகும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். மூன்றாவது இலக்கத்துக்கு எதிராக என்னிடம் மிச்சமிருக்கும் நல்ல வாதம் இதுதான். இதை அன்று பயிற்சியாளரிடம் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பலகையில் முடிவு வந்தபோது அந்த வீராங்கனைகளில் ஒருவர் ஏற்கெனவே பந்தய உடையைக் கழற்றிவிட்டிருந்தார். தோளிலிருந்து முழங்கால் வரை வரும் அந்த உடை உடம்பைவிட இரண்டு அளவு சிறியது என்று தோன்றும்படி இறுகும். மாட்ட கால் மணி நேரமாவது பிடிக்கும். தொடையில் விரல் நகம் படாமல், விரலின் சதையால் அங்குலம் அங்குலமாக மேலே ஏற்ற வேண்டும். நகம் பட்டால் துணி கிழியும். இடுப்பைத் தாண்டிய பிறகுதான் தோள் பட்டை. ஈரமான உடம்பில் அது இன்னும் கடினம். 24 வினாடி முழு மூச்சாக அடித்த தசைக்கு உடனடிச் சக்தி சில நிமிடத்தில் திரும்பிவிடும், ஆனால் ரத்தத்தில் ஏறிய லாக்டேட் இறங்க மெதுவாக நீந்தித் தளர்த்தினாலும் அரை மணி, முக்கால் மணி ஆகும். தோழி பின்னால் நின்று பட்டையை இழுத்துக்கொடுக்க, அவர் கையைச் சுவரில் ஊன்றி நின்றார். நாங்கள் பார்க்க மறுத்த ஒரு எண்ணுக்காக.

எங்கள் பக்கத்துக்கும் சொல்ல இருக்கிறது. ஸ்விம்-ஆஃப் நியாயமானது. இருவரும் ஒரே தொடக்க ஒலிக்கு, ஒரே தண்ணீரில், பக்கத்தில் பக்கத்தில் நீந்துகிறார்கள். சந்தேகத்துக்குரிய எண்ணைவிட அது மேல். எட்டாவது இடத்துக்கு மூன்றாவது இலக்கத்தைப் பார்த்தால் நாளை தங்கத்துக்கும் பார்க்கச் சொல்வார்கள். ஒருவருக்கு இரக்கப்பட்டு விதியை வளைக்க மேஜையில் இருப்பவருக்கு உரிமை இல்லை. இதையெல்லாம் நான் நம்புகிறேன்.

ஆனால் ராத்திரி முடிவுத் தாள்களை அடுக்கும்போதுதான் லேன் எண்களைக் கவனித்தேன். அந்த இருவரும் வெவ்வேறு அரையிறுதியில் நீந்தியவர்கள். முதல் அரையிறுதியில் ஒருவர் லேன் 6. இரண்டாவதில் மற்றவரும் லேன் 6. ஒரே சுவர், ஒரே பேட், ஒரே நீளம். லேனுக்கு லேன் குளம் மாறும் என்று நான் பயிற்சியாளரிடம் விளக்கியது உலகத்தில் எந்த ஜோடிக்குப் பொருந்தினாலும் இந்த ஜோடிக்குப் பொருந்தாது. அவரும் அதைக் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் விவாதிக்க நேரமில்லை என்று தன் வீராங்கனையிடம் போயிருக்கலாம்.

ஸ்விம்-ஆஃப்பில் ஒருவருக்கு லேன் 4 கொடுத்தோம், மற்றவருக்கு லேன் 5.