தோய்ச்சலுக்குத்தான் காசு

"ரெண்டும் ஒரே நீளம், ஒரே மாதிரி பிடி. இது 450, அது 1,200. ஏன் அண்ணாச்சி?" பட்டறைக்கு வருகிற பாதிப் பேர் இதைக் கேட்டுவிடுவார்கள். 11 வருஷமாகப் பதில் சொல்லி வருகிறேன். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால்தான் புரிகிறது.

இரண்டு கத்தியுமே லாரிப் பட்டை எஃகுதான், அதாவது லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் வில் பட்டை. சுமார் 0.6 சதவீதம் கார்பன் இருப்பதால் தோய்த்தால், அதாவது பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கினால், கடினமாகும். கட்டடக் கம்பியை எத்தனை அடித்தாலும் கூர் நிற்காது. எடைக்கு வாங்கும் பழைய பட்டை மலிவு. ஆனால் வருஷக்கணக்கில் பாரம் தாங்கியதற்குள் மயிரிழை வெடிப்பு ஒளிந்திருக்கும். அதனால் 1,200 ரூபாய்க் கத்திக்குப் புதுப் பட்டைதான் எடுப்போம்.

தோய்ச்சலை அந்தி சாய்ந்த பிறகே போடுவோம், வெளிச்சத்தில் இரும்பின் நிறம் ஏமாற்றிவிடும். 770 டிகிரி வாக்கில் காந்தம் ஒட்டாமல் போகும். அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றி, நிறம் சீராகப் பரவியதும் எண்ணெயில் நேராக இறக்க வேண்டும். கை சாய்ந்தால் கத்தி கோணிவிடும். சில சமயம் "டிக்" என்று மெல்லிய சத்தம் கேட்கும். கத்தி வெடித்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை செய்த வேலை அத்தனையும் போச்சு. அந்த நஷ்டமும் மற்றக் கத்திகளின் விலையில்தான் ஏறும்.

தோய்த்த கத்தி கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தாலே உடையலாம். 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், இரண்டு தடவை வாட்டிப் பதப்படுத்த வேண்டும். ஒரு கோயில் கொடைத் திருவிழா சமயம் கறிக்கடை அண்ணன் ஒருவர் ஆறு கத்தி அவசரமாகக் கேட்டார். நான் வாட்டாமல் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். கத்தியின் வெட்டும் வாயில் அரிசி அளவுக்கு ஒரு துண்டு தெறித்துப் போயிருந்தது. "தம்பி, அந்தத் துண்டு கறியில கெடந்து ஒரு பிள்ள வாயில போயிருந்தா?" ஆறையும் திரும்ப வாங்கிப் புதிதாக அடித்துக் கொடுத்தேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாணையிலும் அவசரம் ஆகாது. தேய்க்கும்போது கத்தி வாய் சூடேறி நீலம் பூத்தால் பதம் இறங்கி, கடினம் போய்விட்டது என்று பொருள். 1,200 ரூபாய்க் கத்தியை இரண்டு இழுப்புக்கு ஒரு முறை தண்ணீரில் முக்குவோம். அதன் வால், அதாவது பிடிக்குள் போகும் இரும்பு, பிடியின் கடைசி வரை ஓடும், மூன்று ரிவெட் அடிப்போம். 450 ரூபாய்க் கத்தியில் வால் பாதியோடு நிற்கும். அதையும் வாட்டித்தான் தருகிறோம், ஒரு தடவையோடு சரி. 450 ரூபாய்க் கத்தி இரண்டு மணி நேரக் கைவேலை. 1,200 ரூபாய்க் கத்தி ஒன்றரை நாள்.

ஈட்டி மரப் பிடி போட்டு அதற்காகவே விலையை இரட்டிப்பாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கை வழுக்காத எந்த மரமும் போதும்.

போன வாரம் ஒரு அக்கா 1,200 ரூபாய்க் கத்தியை எடுத்தார். எதற்கு என்று கேட்டேன். காய் நறுக்க என்றார். "அதுக்கு இந்த 450 போதும்க்கா" என்று மாற்றிக் கொடுத்தேன்.