ஸ்ட்ராட் வரைபடம் விற்றால் வம்பு வருமா?

பேடன்ட்டையும் காப்புரிமை என்கிறோம், காப்பிரைட்டையும் காப்புரிமை என்கிறோம். கிட்டார் வரைபடம், அதாவது மரத்தில் கிட்டார் செய்வதற்கான அளவுத் தாள், விற்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் செலவு வைக்கும். அதனால் இங்கே பேடன்ட்டை பேடன்ட் என்றே சொல்கிறேன். எழுத்து, ஓவியம், வரைபடம் மீதான உரிமை பதிப்புரிமை. பெயர், அடையாளம் மீதானது டிரேட்மார்க். பேசப்போவது அமெரிக்கச் சட்டம். ஃபெண்டர், கிப்சன், ரிக்கன்பேக்கர் எல்லாம் அந்த ஊர் நிறுவனங்கள், முக்கியமான வழக்குகளும் பெரும்பாலும் அங்கே நடந்தவைதான்.

பேடன்ட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஸ்ட்ராட் என்று சுருக்கிச் சொல்லும் ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரின் டிரெமலோவுக்கு (கம்பிகளின் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு) 1956இல் பேடன்ட் கிடைத்தது, கிப்சனின் ஹம்பக்கருக்கு (இரைச்சலைக் குறைக்கும் பிக்கப்) 1959இல். அன்றைய ஆயுள் வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு. 1958இல் கிப்சனின் ஃபிளையிங் வி, எக்ஸ்ப்ளோரர் கிட்டார் வடிவங்களுக்குக் கிடைத்த டிசைன் பேடன்ட்டுக்கு (தோற்றத்துக்கான பேடன்ட்) அதிகபட்சம் 14 ஆண்டு. எல்லாம் எப்போதோ காலாவதி. கவனம் தேவைப்படுவது புதிய பாகங்களில். தலையில்லாத கிட்டாரின் பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பாகம்), புது வகை நெக் (கழுத்து) இணைப்பு போன்றவற்றை வரைபடத்தில் சேர்க்குமுன் பேடன்ட் உயிரோடு இருக்கிறதா என்று தேடுங்கள். பேடன்ட் உள்ள பொருளை வீட்டு உபயோகத்துக்குச் செய்வதும் அமெரிக்காவில் மீறல்தான். தெரிந்தே செய்முறை விற்பவர் மீறலைத் தூண்டியவர் ஆவார்.

அடுத்து பதிப்புரிமை. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கிட்டார் ஒரு பயன்பாட்டுப் பொருள், அதன் உடல் வடிவத்துக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. 2017இல் ஸ்டார் அத்லெடிகா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிட்டாரையே உதாரணமாக எடுத்தது: கிட்டாரின் மேற்பரப்பு முழுக்க வரைந்த ஓவியத்தைப் பெயர்த்து ஆல்பம் அட்டையில் போட்டால் அதுவும் கிட்டார் வடிவில்தான் தெரியும், ஆனாலும் ஓவியம் ஓவியமே, பாதுகாப்பு உண்டு. பாதுகாப்பு ஓவியத்துக்கு, மரத்துக்கு அல்ல.

ஆனால் வரைபடம் என்ற தாளுக்குப் பதிப்புரிமை உண்டு. ஒருவர் வரைந்ததைப் பார்த்துக் கிட்டார் செய்வது மீறல் ஆகாது. அந்தத் தாளையே நகலெடுத்து, மூலையில் இருக்கும் பெயர்க்கட்டத்தை மாற்றி விற்பதுதான் மீறல். வரைபட விற்பனையில் உண்மையான ஆபத்து பெரும்பாலும் ஃபெண்டரிடமிருந்து வருவதில்லை, இன்னொரு வரைபடக்காரரிடமிருந்து வருகிறது. அவர் உரிய காலத்தில் பதிவு செய்திருந்தால் ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்த மீறலுக்கு 1,50,000 டாலர் வரை நீதிமன்றம் நஷ்டஈடு விதிக்கலாம்.

அளவுகள் வெறும் தகவல்கள், அவை யாருக்கும் சொந்தமில்லை. ஃபெண்டரின் ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளம், 25.5 அங்குலம் (647.7 மி.மீ.), நெக் பாக்கெட்டின் (நெக் உட்காரும் குழி) அகலம் 2 3/16 அங்குலம், ஆழம் 5/8 அங்குலம், உடல் தடிமன் 1 3/4 அங்குலம். இவற்றை யாரும் எழுதலாம். வளைகோடுகளை மட்டும் உண்மையான கிட்டாரை வைத்து நீங்களே எடுங்கள். காலிப்பர் அளவுக் குறிப்பு, அளக்கும்போது எடுத்த புகைப்படம், கேட் (CAD, கணினி வரைபடம்) கோப்பின் பழைய பதிப்புகள் எல்லாவற்றையும் தேதியோடு வைத்திருங்கள். காப்பியடித்தவரைக் காட்டிக்கொடுப்பது சரியான அளவுகள் அல்ல, தவறானவை. வேறொரு தாளில் கட்டுப்பாட்டுக் குழி (ஒலிக் குமிழ்களின் வயரிங் இருக்கும் குழி) 2 மி.மீ. தள்ளியிருந்து, உங்கள் தாளிலும் அதே 2 மி.மீ. இருந்தால் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது.

டிரேட்மார்க்தான் சிக்கலான இடம். அதைப் பயன்படுத்திப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் சாகாது, கிட்டாருக்குக் கிட்டார் விடையும் மாறும்.

ஸ்ட்ராட், டெலி (டெலிகாஸ்டர்), பிரெசிஷன் பேஸ் உடல் வடிவங்களைப் பதிவு செய்ய ஃபெண்டர் முயன்றபோது மற்ற தயாரிப்பாளர்கள் சேர்ந்து எதிர்த்தார்கள். 2009இல் டிரேட்மார்க் மேல்முறையீட்டு வாரியம் ஃபெண்டருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எத்தனையோ பேர் பல பத்தாண்டுகளாக அதே வடிவில் செய்து விற்ற பிறகு அது ஒருவரின் அடையாளமாக நிற்காது என்பதே சாரம். ஆக, இந்த மூன்று உடல்களும் அமெரிக்காவில் வரைபடக்காரருக்கு மிகப் பாதுகாப்பானவை.

கிப்சன் பக்கம் நிலைமை வேறு. லெஸ் பால் வடிவம் பதிவானது. அதை வைத்து பிஆர்எஸ் நிறுவனத்தின் சிங்கிள்கட் கிட்டார் மீது போட்ட வழக்கில் 2005இல் மேல்முறையீட்டில் கிப்சன் தோற்றது, ஆனால் பதிவு அப்படியே இருந்தது. டீன் கிட்டார்களின் உரிமையாளரான ஆர்மடில்லோ மீதான வழக்கில் 2022இல் டெக்சாஸ் ஜூரி ஃபிளையிங் வி, எக்ஸ்ப்ளோரர், எஸ்ஜி வடிவங்களுக்குக் கிப்சன் பக்கமும், கிப்சனின் இன்னொரு மாடலான இஎஸ் வடிவத்துக்கு எதிர்ப்பக்கமும் நின்றது. பிறர் அந்த வடிவங்களில் செய்து விற்றதற்கான பழைய சான்றுகளை ஒதுக்கியது தவறு என்று 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஐரோப்பாவிலோ ஃபிளையிங் வி வடிவ டிரேட்மார்க் செல்லாது என்று 2019இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. ரிக்கன்பேக்கர் விடாமல் துரத்துவதில் பெயர் எடுத்த நிறுவனம். முதல் வரைபடமாக அவர்கள் கிட்டாரை எடுக்காதீர்கள்.

தாளை விற்பது கிட்டாரை விற்பதாகாது என்ற வாதம் பலமானதுதான், முழுக் கவசம் அல்ல. 1982இல் இன்வுட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: மீறலைத் தூண்டுபவரும், மீறுகிறார் என்று தெரிந்தும் பொருள் கொடுத்துக்கொண்டே இருப்பவரும் பொறுப்பாளிகள். ‘செய்து ஒரிஜினல் என்று விற்கலாம்’ என்கிற மாதிரி ஒரு வரி உங்கள் விளம்பரத்தில் இருந்தால் கதை முடிந்தது.

உடலைவிட ஹெட்ஸ்டாக்தான் (நெக்கின் நுனியில் டியூனர்கள் இருக்கும் தலை) ஆபத்து. ஃபெண்டரின் ஹெட்ஸ்டாக்குகள், கிப்சனின் திறந்த புத்தக வடிவம் எல்லாம் பதிவு பெற்றவை. அந்த வடிவத்தில் மாற்று நெக் விற்கும் வார்மோத் கூட ஃபெண்டரிடம் உரிமம் வாங்கித்தான் விற்கிறது. கிப்சன் 1977இல் ஐபனெஸ் விநியோகஸ்தர் எல்கர் மீது போட்ட வழக்கும் ஹெட்ஸ்டாக்கைப் பற்றியதுதான், உடலைப் பற்றியது அல்ல. எனவே நெக் தாளில் ஹெட்ஸ்டாக்கை வெறும் செவ்வகத் துடுப்பாக விடுங்கள். டியூனர் துளைகளின் இடைவெளி, நட்டிலிருந்து (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளத் துண்டு) கம்பிகள் நேராகச் செல்லும் கோடு, லெஸ் பாலானால் சாய்வு 17 பாகை என்பதெல்லாம் வேலை சார்ந்தவை, தாராளமாகக் கொடுக்கலாம். வெளிக்கோட்டை வாங்குபவரே வரைந்துகொள்ளட்டும். லோகோ டெகால் (ஒட்டுச்சின்னம்) கோப்பை இலவசமாகக்கூடச் சேர்க்கக் கூடாது. அது போலிச்சின்ன வகைக்குள் போய்விடும். அங்கே சட்டப்படியான நஷ்டஈடு 1,000 டாலரில் தொடங்கும், வேண்டுமென்றே செய்ததாக நிரூபணமானால் 20 லட்சம் டாலர் வரை போகும்.

பெயரைத் தலைப்பாக வைக்காமல் விளக்கமாகச் சொல்லுங்கள். ‘எஸ் வகை உடல் வரைபடம்’ என்று தலைப்பிட்டு, உள்ளே ‘ஸ்ட்ராடோகாஸ்டர் நெக், பிக்கார்டு பொருந்தும், ஃபெண்டருக்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்று எழுதினால் நியாயமான குறிப்பாக வாதாட இடம் இருக்கும். அவர்களுடைய எழுத்துருவில் பெயரைப் போட்டால் அந்த இடம் போய்விடும். நடைமுறையில் விற்பனைத் தளங்கள் புகார் வந்த உடனே பட்டியலை நீக்கிவிடும். பதிப்புரிமைப் புகாரானால் எதிர் அறிவிப்பு கொடுத்து 10 முதல் 14 வேலைநாளில் மீட்கச் சட்டத்தில் வழி உண்டு. டிரேட்மார்க் புகாருக்கு அப்படி ஒரு வழி கிடையாது, தளத்தின் தயவுதான்.

கடைசியாக, சட்டத்தைவிட அதிகம் பணம் திருப்பிக் கேட்க வைக்கும் விஷயம். வாங்குபவர் பிடிஎஃப்பை ‘தாளுக்குப் பொருத்து’ என்று அச்சிட்டு 97 சதவீதத்தில் எடுத்துவிடுவார். 647.7 மி.மீ. ஸ்கேல் 628 ஆகும். 55.6 மி.மீ. பாக்கெட் 53.9 ஆகும், கடையில் வாங்கிய நெக் உள்ளே போகாது. ஒவ்வொரு தாளிலும் 100 மி.மீ. சதுரம் ஒன்று வரைந்து, ‘இதை அளக்காமல் மரத்தை அறுக்காதீர்கள்’ என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அகலம், உயரம் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். சில பிரிண்டர்கள் ஒரு பக்கமாக மட்டும் இழுத்துவிடும்.