ஷட்டர் மோட்டாரை வீட்டு வைஃபைக்குள்ளேயே இயக்க

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கார் ஷெட்டுக்கு ரோலிங் ஷட்டர் போட்டிருந்தால், அதன் மோட்டாரை இன்டர்நெட் இல்லாமலே போனில் இயக்கலாம். ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர்), இரண்டு சேனல் ரிலே (போர்டு சொல்லும்போது ஒட்டும் ஸ்விட்ச்), 5 வோல்ட் அடாப்டர், ஷட்டர் திறந்திருக்கிறதா என்று காட்டும் காந்த சென்சார் வேண்டும். மென்பொருள் ஈஎஸ்பிஹோம் (போர்டில் ஏற்றுவது), ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கணினியில் ஓடி, போனில் பட்டன் காட்டுவது).

முதலில் மல்டிமீட்டர். கன்ட்ரோல் பாக்ஸில் சுவர் ஸ்விட்ச் சேரும் முனைகளில் 12 அல்லது 24 வோல்ட் டிசி இருந்தால், ரிலேயின் காம் (பொது முனை), என்ஓ (ரிலே ஒட்டும்போது மட்டும் சேரும் முனை) இரண்டையும் அந்த ஸ்விட்சுக்கு இணையாகக் கொடுங்கள். 230 வோல்ட் காட்டினால் எலெக்ட்ரீஷியன் இல்லாமல் தொடவே கூடாது.

ரிலே 500 மில்லிசெகண்ட் மட்டும் ஒட்டி விடட்டும். ஏற்றமும் இறக்கமும் ஒன்றாக விழாதபடி இன்டர்லாக் கட்டாயம். கரன்ட் போய் வந்ததும் ஷட்டர் தானாகத் திறந்தால் ரிலேவைப் போர்டின் எந்த பின்னில் (இணைப்பு முனையில்) கொடுத்தீர்கள் என்று பாருங்கள்: 0, 2, 5, 12, 15 ஆகியவை போர்டு பூட் ஆகும்போதே வேலை செய்பவை. ரிலேவுக்கு 25, 26 நல்லது. சென்சாருக்கு 32 அல்லது 33. 34 முதல் 39 வரை உள் புல்-அப் (சென்சார் திறந்திருக்கும்போது பின்னை நிலையாக வைக்கும் ரெசிஸ்டர்) கிடையாது. சின்ன ரீட் ஸ்விட்ச் (கதவுக்கு வரும் சிறிய காந்த சென்சார்) இரும்புத் தகட்டில் தடுமாறும், ஷட்டருக்கென்றே வரும் கனமான சென்சாரை வாங்குங்கள்.

பலர் கவனிக்காதது ஒன்று. ஹோம் அசிஸ்டன்ட் நின்றுபோனால் போர்டு 15 நிமிடத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகும். ஈஎஸ்பிஹோம் செட்டிங் ஃபைலின் ஏபிஐ பகுதியில் ரீபூட் டைம்அவுட்டை 0 ஆக்கினால் இந்த ரீஸ்டார்ட் நிற்கும்.

ரவுட்டர், போர்டு இரண்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். கீழே ஃபோட்டோ சென்சார் (குறுக்கே ஆள் வந்தால் ஒளி தடைபடுவதை உணர்வது) பொருத்தும்வரை போனில் இறக்கும் பட்டனே வைக்காதீர்கள். அடியில் குழந்தை நின்றாலும் மோட்டாருக்குத் தெரியாது.