செகண்ட் பார்ட்டி

எழும்பூர் கோர்ட்டுப் பக்கம் நான் டிடிபி கடை வைத்திருந்தபோது, 2012, 13 வாக்கில், ஒரு வக்கீல் ஆபீஸிலிருந்து மாதம் ஒன்றிரண்டு வாடகைத்தாய் அக்ரிமென்ட் வரும். 18 பக்கம், அத்தனையும் ஆங்கிலம். பெயர், வயது, விலாசம், தொகையை மட்டும் மாற்றிப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன்.

ஒருநாள் கையெழுத்துப் போட வந்த பெண்ணை என் கடையில் உட்கார வைத்துவிட்டு ஏஜென்ட் எங்கோ போய்விட்டார். வியாசர்பாடிக்காரி. எட்டாவது வரை படிப்பு.

"அக்கா, இதுல என் பேரு எத்தனை இடத்துல வருது?"

கம்ப்யூட்டரில் தேடினேன். முதல் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று. நடுவில் எல்லாம் 'செகண்ட் பார்ட்டி'.

படித்துச் சொல்லச் சொன்னாள். பிரசவம் வரை ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். கரு இரண்டு மூன்று தங்கிவிட்டால் கலைப்பதா வேண்டாமா என்பது குழந்தை கேட்டு வந்தவர்கள் முடிவு. பணம் 2.5 லட்சம், தவணையில். இடையில் கலைந்தால் அதுவரை கொடுத்ததோடு சரி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். லீசுக்கு வீடு பார்த்து வைத்திருக்கிறாளாம். அக்கம்பக்கத்தில் பெங்களூருக்கு வீட்டு வேலைக்குப் போவதாகச் சொல்லியாகிவிட்டது. நாலு வயதுப் பையனைத் தன் அம்மாவிடம் விட்டிருக்கிறாளாம்.

கர்ப்பப்பையையே எடுக்க நேர்ந்தால் கூடுதலாக 30,000 ரூபாய் என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் நான் படிக்கவில்லை. "ஏதாவதுன்னா அவங்களே பாத்துக்குவாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆங்கிலப் பத்திரத்தில் பக்கத்துக்குப் பக்கம் தமிழில் கையெழுத்துப் போட்டாள். என் கூலி பக்கத்துக்கு 15 ரூபாய்.

2015 நவம்பரில் வெளிநாட்டவருக்கு இங்கே வாடகைத்தாய் கிடையாது என்றார்கள். 2022 ஜனவரி 25 முதல் புதுச் சட்டம். காசுக்குச் சுமப்பது கூடாது, காசு கொடுத்துச் சுமக்கச் சொல்வது குற்றம். ஏற்பாடு செய்பவருக்கு 10 ஆண்டு வரை ஜெயில், 10 லட்சம் வரை அபராதம். சுமப்பவள் 25இலிருந்து 35 வயதுக்குள் இருக்க வேண்டும், கல்யாணமாகி ஒரு பிள்ளையாவது பெற்றிருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே தடவைதான். அவளுக்கு 36 மாத இன்சூரன்ஸ் எடுத்துத் தர வேண்டும். இன்சூரன்ஸ் நல்ல விஷயம், அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு அதுகூட இல்லை.

ஆனால் கணக்குப் பாருங்கள். டாக்டருக்கு ஃபீஸ் உண்டு. மாஜிஸ்திரேட்டிடம் ஆர்டர் வாங்கித் தரும் வக்கீலுக்கு உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பிரீமியம் உண்டு. டைப் அடிக்கிற எனக்கும் உண்டு. பத்து மாதம் சுமப்பவளுக்கு மட்டும் மருத்துவச் செலவு தவிர கையில் காசு வந்தால் குற்றம். அவளுக்கு உரிய ஈடு கொடுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே 2017இல் எழுதிக் கொடுத்தது. எடுபடவில்லை.

போன மாதம் ஒரு குடும்பம் வந்தது. கடை இப்போது பெரம்பூரில். தம்பிக்குக் குழந்தையில்லை, அண்ணி சுமக்கச் சம்மதம் என்று அஃபிடவிட் வேண்டுமாம். 'எந்தப் பணமும் பெறாமல், என் முழு விருப்பத்தின் பேரில்' என்று அடித்தேன். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் தமிழில் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் அவள் வீட்டுக்காரர்தான் "ஆமா, ஆமா" என்றார். மாமியார் பக்கத்திலேயே நின்றார்.

அண்ணி பேனா இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.